உச்சியில காய்ச்ச ஏலக்காய்

இல்லத்தா, காப்பி வேணாம். கேசரியும் வேணாம். இப்பத்தான் கடையில டிபன் பாக்ஸக் கழுவிக் கவுத்திட்டு வர்றேன், வயிறு கும்முனு இருக்கு. நீங்க மொதல்ல உக்காருங்க. தெருவுல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தவளக் கையப் புடிச்சு உள்ள கூட்டியாந்து, பேனப் போட்டு, சேரத் தொடச்சு உக்கார வச்சுட்டீக. கேசரி வேற ஆவி பறக்குது. இத எப்பக் கிண்டுனீக?

நேத்து நான் வந்துட்டுப் போனப்பவே ரவை வாங்கியாரச் சொல்லிட்டீகளா? சரியாப் போச்சு.

அப்ப நான் நேராவே சொல்லிப்புடுறேன், பின்னாடி மனசுச் சங்கடம் வேணாம். என்னைய எந்தப் பொண்ணு வீட்டுக்காரவுகளும் அனுப்பி வைக்கல. வீடு எப்படி இருக்கு, தண்ணி வருதா, வசதி என்ன, பாத்துட்டு வந்து சொல்லுன்னு ஒருத்தரும் என்னையத் தூது விடல. நான் பாட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஊர்ல இருக்குற பழைய கட்டடத்தையெல்லாம் போன்ல போட்டோ எடுத்துக்கிட்டுத் திரியிறவ. நாலஞ்சு நாளா உங்க வீட்டு முன்னாடி அண்ணாந்துக்கிட்டு நின்னேன், அம்புட்டுத்தான். பொண்ணு வீட்ல இருந்து ஆளு வந்து நோட்டம் விடுதுன்னு எதுத்த வீட்டு அக்கா உங்ககிட்டச் சொன்னா, அது அவுகளாக் கண்டுபுடிச்சது.

மொகத்த அப்படி வைக்காதீகத்தா. எனக்கே கஷ்டமா இருக்கு.

பேரா? மகாராணி. சிரிங்க, பரவால்ல, எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாக. மகாராணிக்குச் சோலி என்னன்னா ஏலக்காய் தரம் பிரிக்கிறது. ஏலம் நடக்குற எடத்துக்குப் பின்தெருவுல இருக்குதே, அந்தக் கடை. ஊரு சிலமலை. காலையில பஸ்சு, சாயங்காலம் பஸ்சு. ஆமா, சோணை மகதான். எங்க அப்பாவத் தெரியுமா உங்களுக்கு? அவரு போயிச் சேந்து வருசமாச்சு. அம்மா இருக்கு, மாமா இருக்காரு. அவுகதான் எல்லாம் பாத்துக்கிறாக.

இந்தப் போட்டோக் கிறுக்கு கழுத்து வலியில ஆரம்பிச்சதுத்தா. காலையில குனிஞ்சு உக்காந்தா மத்தியானம் வரைக்கும் கண்ணுக்கு முன்னாடி பச்சை ஒன்னுதான். நல்ல பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடிச்சது ஒரு பக்கம். கண்ண மூடுனாலும் அதான் ஓடும். கழுத்து அப்படியே புடிச்சுக்கிச்சு. ஆசுபத்திரிக்குப் போனா டாக்டரம்மா மாத்திரைகூட எழுதல. மத்தியானம் சாப்புட்டுட்டு நடங்க, நடக்கும்போது மேல பாருங்கன்னு சொல்லிருச்சு. நம்ம ஊர்ல மேல பாத்துக்கிட்டு நடந்தா என்ன ஆகும்? மொத நாளே மலையில இருந்து லோடு எறக்க வந்த ஜீப்புக்காரரு பிரேக்கப் போட்டு, ஏத்தா, மானத்துல என்ன ஏரோப்பிளேனா போகுதுன்னு கேட்டாரு. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ஆனா மேல பாத்தாத்தான தெரியுது. நானும் இந்த ஊருக்கு எம்புட்டு வருசமா வர்றேன், கண்ணு மட்டத்துக்கு மேல ஒன்னையும் பாத்ததே கெடையாது. கீழ செல்போன் கடை, பரோட்டாக் கடை, வளையல் கடை. அதுக்கு மேல அண்ணாந்து பாத்தா சிங்கம் உக்காந்திருக்கு. ஒரு கட்டடத்துல துப்பாக்கி புடிச்ச சிப்பாய் ரெண்டு பேரு நிக்கிறாக, ஒருத்தருக்குப் புதுசா மீசைக்கு மை பூசியிருக்கு, இன்னொருத்தருக்கு மூக்கே இல்ல. அரமனை வாசலு, ரயில்வே ஸ்டேஷன், மூட்டை அடுக்குற கிட்டங்கிக் கதவு, ஒன்ன விடல நானு. எங்க கடை ஷஹானா இருக்குல்ல, அது அவுக வீட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போச்சு, பள்ளிவாசல் மினாரா எடுக்க. பின்னாடி மலை, முன்னாடி மினாரா, நடுவுல ஷஹானாவோட அம்மா காயப்போட்ட வத்தல். இன்னைக்கு வரைக்கும் நான் எடுத்ததுல அதுதான் நல்ல போட்டோ. அத ஸ்டேட்டஸ்ல போட்டதுக்கு, வத்தல் என்ன வெலைன்னு மூணு பேரு கேட்டிருந்தாக.

உங்களுக்கு மட்டுந்தான் இந்தக் கொழப்பம்னு நெனைக்காதீக. ஒச்சப்பன் அண்ணனத் தெரியும்ல, வாட்ச் ரிப்பேர் கடை. அவரு நெழலுக்காக ரோட்டு மேல தகரத்த நீட்டி எறக்கியிருந்தாரு. நான் எதுத்தாப்புல நின்னு போன அங்கிட்டும் இங்கிட்டும் திருப்புறதப் பாத்துட்டு, ரோட்ட அகலம் பண்ண ஆளு வந்திருச்சுன்னு முடிவு பண்ணி, அன்னைக்குச் சாயங்காலமே ஏணியப் போட்டு அவரே தகரத்தக் கழட்டிட்டாரு. மறுநா வெயிலு நேரா மண்டையில. என்னையக் கண்டதும், உன்னால நான் கருவாடாப் போயிட்டேன்னு ஒரே சத்தம். நான் என்னண்ணே பண்ணுவேன், மேல பாருங்கன்னேன். தகரத்துக்குப் பின்னாடி சுவத்துல ரெண்டு கிளி, மூக்கோட மூக்கு வச்சுக்கிட்டு. அந்த மனுசன் கடை போட்ட நாளா அதப் பாத்ததே இல்லையாம். இப்பப் போயிப் பாருங்க, கிளி தெரியிற மாதிரி தகரத்தக் கொஞ்சம் எறக்கி மாட்டியிருக்காரு. வர்றவுககிட்டயெல்லாம் கிளியக் காட்டித்தான் வாட்ச்ச வாங்குறாரு.

வெள்ளைத்துரை வீட்லயும் இதே கூத்துதான், அவுகளும் மகனுக்குப் பொண்ணு தேடிக்கிட்டு இருக்காகல்ல. நான் அவுக வீட்டு மரத்தூண எடுத்துக்கிட்டு இருந்தேன். அவுக வீட்டம்மா, வாங்க வாங்கன்னு கூட்டிட்டுப் போயி, பிரிஜ்ஜத் தொறந்து காட்டுது, பீரோவத் தொறந்து காட்டுது, கொழாயத் திருகித் தண்ணி வேகத்தக் காட்டுது. பாத்ரூம்ல குளிச்சுக்கிட்டு இருந்த மகன, தம்பி வெரசா வாப்பான்னு கூப்புட்டு, அந்தப் பையன் துண்டோட வந்து நின்னு வணக்கம் வைக்கிறான். எனக்கு வாயத் தொறக்கவே வழியில்ல. சூடா போண்டா வந்துச்சு. நல்ல போண்டா, நான் பாட்டுக்கு ரெண்டத் தின்னுட்டு, இன்னுங் கொஞ்சம் சட்னி கெடைக்குமான்னேன். அப்பத்தான் அந்தம்மாவுக்கே சந்தேகம் தட்டுச்சு. பேச்சு முடிவாகாம பொண்ணு வீட்டுக்காரவுக பையன் வீட்ல கை நனைக்க மாட்டாகளே, இவ என்னடான்னா சட்னி கேக்குறாளேன்னு. நீ யாருத்தான்னு கேட்டுச்சு. நான் போட்டோ எடுக்க வந்தவன்னேன். அப்புறம் அது சிரிச்ச சிரிப்புல அந்தத் துண்டுப் பையனுக்கும் சிரிப்பு வந்திருச்சு.

அங்க தின்னவ இங்க ஏன் திங்க மாட்டேங்குறேனா? அதான் சொன்னேனேத்தா, வயிறு நெறஞ்சிருக்கு. வைங்க, அப்படியே மூடி வைங்க. எறும்பு வரப்போகுது.

ஆமா, நீங்க சொல்லுங்க. நான் பொண்ணு வீட்டு ஆளு இல்லைன்னு தெரிஞ்சதும் என்னத்துக்கு இப்படி ஒடிஞ்சு உக்காந்துட்டீக? திங்கக்கெழம ஜேசிபி வருதுங்கிறது நெசந்தானா? தெருவுல பேசிக்கிறாக. முகப்புல செவப்புக் கோடு போட்டிருக்கிறதையும் பாத்தேன். அந்தக் கோட்டுக்கு இங்கிட்டு எல்லாம் போயிருமா? மாடியுமா?

யாரு சொன்னா பழசுன்னு?

சரி, சரி, வந்தவுக எல்லாருமே அதத்தான் சொன்னாகளா. மாடிப்படி செங்குத்தா இருக்கு, ஓட்டு வீடு, அட்டாச் பாத்ரூம் இல்ல, எங்க பொண்ணு இந்த வீட்ல எப்படிப் பொழங்கும்னு. காங்கிரீட்டுப் போட்டு எடுத்துக் கட்டுங்க, அப்புறம் பேசுவோம்னு. நீங்களும் மகனுக்கு வயசு ஏறுதேன்னு, சரி இடிச்சே புடுவோம்னு துணிஞ்சுட்டீக. பெத்தவ மனசு எனக்குப் புரியாமயா இருக்கு? உங்க மேல குத்தம் சொல்ல வரல. ஆனா இந்த வீட்ட இடிச்சுட்டீகன்னா எனக்கு வயிறெரியும்த்தா, ஒளிவு மறைவு இல்லாமச் சொல்றேன்.

ஏன்னா, உங்க வீட்டு முகப்பு மாதிரி இந்தச் சுத்துவட்டாரத்துல வேற எங்கயும் இல்ல. எல்லாரும் சிங்கம் வச்சான், மயிலு வச்சான். உங்க மாமனாரு என்ன வச்சிருக்காரு? ஏலக்காய்ச் செடி. ஆளு ஒசரத்துக்குச் சுண்ணாம்புலயே நீட்டு நீட்டா எலை போட்டு, நரம்புகூட வரைஞ்சு வச்சிருக்கு. நான் மொத நாள் பாத்துட்டு அம்புட்டுச் சந்தோசப்பட்டேன். அப்புறம் காயப் பாத்தேன். பாத்தா, உச்சியில கொத்தாத் தொங்குது. ஏலக்காய் என்னைக்குத்தா உச்சியில காய்ச்சுச்சு? தூருல, தரையோட தரையாச் சரம் விட்டுல்ல காய்க்கும். நடு ரோட்டுல நின்னு நான் பாட்டுக்குச் சிரிக்கிறேன், போறவுக வாறவுக பாக்குறாக. அந்தக் கொத்தனாரு கம்பத்துப் பக்கத்து ஆளாத்தான் இருக்கணும். திராட்சைக் கொலையப் பாத்துப் பழகுன கையி, ஏலக்காயையும் பந்தல்ல தொங்க விட்டிருச்சு.

நெசமாவே கம்பத்துக் கொத்தனாரா? பாத்தீகளா. உங்க மாமனாரு மலைமேல ஏலத்தோட்டம் வச்சிருந்தவரு, அவரு பாத்துட்டுச் சத்தம் போடலையா?

ஓகோ. இருந்துட்டுப் போகுது, உச்சியில காய்ச்சா குனியாமப் பறிக்கலாம்லன்னாரா? நல்ல மனுசன்த்தா. அவர நான் பாத்ததில்ல, ஆனா அந்த வார்த்தைக்காகவே அவர எனக்குப் புடிச்சுப்போச்சு. குனிஞ்சே கெடக்குறவளுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

இத வேற யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்டச் சொல்றேன். எனக்கும் முப்பது தாண்டிருச்சு. என்னையப் பொண்ணு பாக்கவும் ஆளு வந்துக்கிட்டுத்தான் இருந்தாக. வருவாக, பஜ்ஜியத் திம்பாக, காப்பியக் குடிப்பாக, போயிச் சொல்லி அனுப்புறோம்பாக. அம்புட்டு நேரமும் நான் குனிஞ்சே உக்காந்திருக்கணும். நிமிந்தா திமிருன்னுருவாக. ஒருத்தரு நெறம் கம்மின்னாரு, ஒருத்தரு ஒசரம் ஜாஸ்தின்னாரு. ஒரு அம்மா, பொண்ணு சோலிக்குப் போறதால கையி காப்புக் காய்ச்சிருக்குன்னுச்சு. காலையில இருந்து ஏலக்காய்க்குக் குனிஞ்சு, ஞாயித்துக்கெழம இவுகளுக்குக் குனிஞ்சு. மத்தியானம் அந்தச் சாப்பாட்டு நேரம் ஒன்னுதான் நான் நிமிந்து நடந்தது. அப்படி நிமிந்து பாக்கையில கண்ணுல பட்டது இந்த வீடு. இதையும் வந்து வந்து பாத்துட்டு, தின்னுட்டு, கொறை சொல்லிட்டுப் போயிருக்காக. அதக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்திருச்சு. வீடு என்ன பண்ணுச்சு பாவம்? அது நின்ன எடத்துல ஒழுங்காத்தான நிக்கிது.

அழுகாதீகத்தா. நானும் அழுதுருவேன், அப்புறம் கண்ணு செவந்து போனா ஷஹானா கேள்வி கேட்டே கொன்னுரும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. அட்டாச் பாத்ரூம்தான கேக்குறாக? பின்னாடி கொல்லையில எடம் சும்மாத்தான கெடக்கு. கீழ பெரிய ரூம்புல கெழக்குச் சுவத்துல ஒரு வாசல ஒடைச்சு விட்டு, அங்கிட்டு ஒரு பாத்ரூமக் கட்டுனா முடிஞ்சு போச்சு. ஜேசிபி வேணாம், ஒரு கொத்தனாரு, ஒரு சித்தாளு போதும். ஓட்டுக்குக் கீழ பலகை அடிச்சுட்டா வெக்கை எறங்காது. மாடிப்படி செங்குத்துங்கிறது வாஸ்தவந்தான். ஆனா அதான் புடிச்சு ஏற கயிறு தொங்க விட்டிருக்கீகளே. அத எடுத்துட்டு ஒரு கம்பி வச்சுட்டா, உங்க முட்டி வலிக்கும் தோதாப் போகும்.

கயிறு எனக்கு எப்படித் தெரியுமா?

சன்னல் வழியாத் தெரிஞ்சுச்சு.

இல்ல, நீங்க சொல்றதும் சரிதான். சன்னல் அந்தப் பக்கம் இல்லதான். சரி விடுங்க, யாரோ சொன்னாக. உங்க முட்டி வலியும் அவுகதான் சொன்னாக. நீங்க கேசரியில சீனியக் கொறைச்சுப் போடுவீக, மகன் கேட்டாக்கூடக் கூட்ட மாட்டீகன்னும் சொன்னாக.

உங்க மகனத் தெரியுமான்னு கேட்டா என்ன சொல்றது? அருள்பாண்டியத் தெரியாதவுக ஏலத்துல யாரு இருக்கா? முதலாளிக்காக ஏலம் கேக்குறவரு. காய் பாக்க எங்க கடைக்கும் வருவாரு. தட்டுல கொட்டுவாரு, ஒன்னப் பிச்சு மோந்து பாப்பாரு, தலைய ஆட்டுவாரு, போயிருவாரு. ஏலத்துலயும் இப்பப் பட்டன அமுக்குற சோலிதான, வாயே தேவையில்ல. அவருக்குன்னே அந்த மிஷினக் கண்டுபுடிச்சிருக்காக போல. வீட்லயும் அப்படித்தானா? வீட்ட இடிக்கட்டுமாப்பான்னு நீங்க கேட்டதுக்கும், ம்ங்கிறதுக்கு மேல ஒன்னும் சொல்லலையா?

அது சரின்னு சொன்ன ம் இல்லத்தா. அது வேற ம். நாலஞ்சு மாசமாக் கேக்குறேன், எனக்கு இப்பத்தான் வித்தியாசம் புடிபடுது.

ஆமா, நாலஞ்சு மாசமாத்தான்.

ஒரு நா காய் பாக்க வந்தவரு, நான் ஷஹானாகிட்டப் போன்ல இருக்குற போட்டோவையெல்லாம் காட்டிக்கிட்டு இருந்ததைப் பின்னாடி நின்னு பாத்திருக்காரு. சிங்கம், சிப்பாய், கிளி எல்லாத்தையும் பாத்துட்டு, ஒன்னும் சொல்லாமப் போயிட்டாரு. அதுக்கப்புறம் தட்டுல கொட்டுன காயவே ரெண்டு தடவ மோந்து பாக்குறாரு, மூணு தடவ மோந்து பாக்குறாரு. ஷஹானா, இவருக்கு என்னடி சளியான்னு கேக்குது. மாடிக் கயிறு, உங்க முட்டி வலி, கேசரி எல்லாம் அப்படி வந்து நின்னப்ப ஒவ்வொரு வார்த்தையா விழுந்ததுதான். போன வாரந்தான், வாசல் வரைக்கும் போனவரு திரும்பி வந்து, ஊர்ல இருக்குற வீட்டையெல்லாம் பாக்குற, எங்க வீட்டப் பாக்க வருவியா, திங்கக்கெழமைக்குள்ள வந்துருன்னாரு. அம்புட்டையும் ஒரே மூச்சுல. எனக்குத் தெரிஞ்சு அவரு பேசுனதுலயே பெரிய பேச்சு அதுதான். ஒரு ஆம்பள ஒரு பொண்ணப் பாத்து, எங்க வீட்டப் பாக்க வான்னு கூப்புட்டா நம்ம பக்கத்துல அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

அதான் வந்தேன். மொத நா முகப்ப மட்டும் பாத்தேன். மறுநா சன்னல், அப்புறம் ஓடு, திண்டு. உள்ள வர்றதுக்குத் தைரியம் வரல. இன்னைக்கு நீங்களே கையப் புடிச்சுக் கூட்டியாந்துட்டீக.

மொதல்லயே சொன்னேன்லத்தா, என்னைய யாரும் அனுப்பலைன்னு. நானாத்தான் வந்தேன். எங்க அம்மாவும் மாமாவும் ஞாயித்துக்கெழம முறைப்படி வருவாக, அவுககிட்டச் சொல்லிட்டேன். அவுக வீட்டப் பத்தி ஒரு கொறையும் சொல்ல மாட்டாக, அதுக்கு நான் பொறுப்பு. நீங்க இப்ப அந்த ஜேசிபிக்காரருக்கு ஒரு போனப் போட்டு, வர வேணாம்னு சொல்லிருங்க. எந்தப் பொண்ணுக்காக இடிக்கிறீகளோ, அந்தப் பொண்ணே இடிக்க வேணாங்குது.

உங்களுக்குப் புடிக்கலைன்னா அதையும் இப்பவே சொல்லிருங்க. நெறம், ஒசரம், கையி காப்பு எல்லாம் நானே சொல்லிட்டேன். எந்திரிச்சுப் போயி, போற வழியில இன்னொரு தடவ அந்த ஏலக்காயப் பாத்துட்டுக் கடைக்குப் போயிருவேன். மனசு வலிக்கும், ஆனா வருத்தமா நெனைக்க மாட்டேன். அதுக்காகத்தான் இம்புட்டு நேரம் கேசரியத் தொடாம உக்காந்திருக்கேன், வாசம் ஆளத் தூக்குது.

எங்க போறீக? எதுக்குத்தா அடுப்படிக்கு?

ஸ்பூன் எடுக்கவா?

ஸ்பூன் வேணாம் அத்தை. தட்ட இப்படித் தள்ளுங்க, நான் கையாலயே எடுத்துக்கிறேன்.